பல மரம் கண்ட தச்சர்கள்

‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. இதைச் சொல்லாத தகப்பனாரும் இல்லை; இதைக் கேட்டு மனத்துக்குள் முணுமுணுக்காத பிள்ளையும் இல்லை. சங்கீதம் பயிலும் மாணவன், வேறொரு வித்வானிடம் ஒரே ஒரு கீர்த்தனத்தைக் கற்று வந்து வீட்டில் பாடிப் பார்க்கட்டும். “பாடாந்தரம் கெட்டுப் போய்விடுமே!” என்று குருநாதர் முகத்தைச் சுளித்துக் கொள்வார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

இந்த வழக்கு நமக்கு மட்டும் சொந்தமானதன்று. நம்மைப் போலவே குருபக்தியில் ஊறிய மற்றொரு பழைய தேசத்தில், இசையைப் பற்றியன்று, கையாலும் காலாலும் போரிடும் வித்தையைப் பற்றி, இதே வழக்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வந்திருக்கிறது. அந்தத் தேசம் சீனம். அந்த வித்தையை உலகம் ‘குங்பூ’ என்று அழைக்கிறது. இந்தச் சொல்லுக்குச் சீன மொழியில் சண்டை என்று பொருள் இல்லை. நெடுநாள் உழைப்பினால் கைவந்த திறமை எதுவோ, அதுவே குங்பூ. சமையற்காரருக்கும் குங்பூ உண்டு. எழுத்தோவியம் தீட்டுவோருக்கும் உண்டு.

அப்படியானால், வாழ்நாள் முழுவதும் உழைத்தாலும் கரை காண முடியாத வித்தையை ஒருவரிடமே கற்பதா? பலரிடமும் கற்பதா? இந்தக் கேள்விக்குச் சீனர்கள் வெறும் வாதத்தினால் விடை தேடவில்லை. கட்டிடங்கள் எழுப்பினார்கள், சங்கங்கள் அமைத்தார்கள், சில சமயம் கைகலந்தும் பார்த்தார்கள். அந்த விடைகளைத் தேடிக்கொண்டு நாம் நான்கு ஊர்களுக்குப் போய் வருவோம்.

ஷாங்காயில் ஒரு சங்கம்

ஷாங்காய் நகரத்துக்குப் போகும் பிரயாணிகள் முதலில் ஹுவாங்பூ நதிக்கரைக்கே போகிறார்கள். அங்கே அந்நிய வியாபாரிகள் கட்டிய பிரம்மாண்டமான மாளிகைகள் வரிசையாய் நிற்கின்றன. அந்த மாளிகைகளைப் பார்த்துவிட்டு, ஸுஜோவ் ஓடையைக் கடந்து வடக்கே சென்றால் ஹோங்கோவ் என்னும் வட்டாரம் வருகிறது. அதன் நடுவே செல்லும் வடக்கு ஸிச்சுவான் வீதி கடைகள் நிறைந்தது. ‘ஜிங்வூ’ என்னும் தேகப்பயிற்சிச் சங்கத்தின் பெயர் இந்த வட்டாரத்தோடு பிணைந்தது.

அச்சங்கம் தோன்றிய ஆண்டு 1910. அப்போது சீனத்தில் மஞ்சு அரசு அந்திம தசையில் இருந்தது. அபினியினால் நலிந்த உடல்களையும், யுத்தந்தோறும் தோற்ற சேனைகளையும் கண்ட அந்நியர், சீனத்தை ‘ஆசியாவின் நோயாளி’ என்று பரிகாசம் செய்தனர். அக்காலத்தில் வட சீனத்துத் தியென்ஜின் அருகிலுள்ள கிராமமொன்றிலிருந்து ஹுவோ யுவான்ஜியா என்னும் மல்லர் ஷாங்காய்க்கு வந்தார். அவரை அந்நிய பலசாலி ஒருவனுடன் மோதுவதற்காக அழைத்து வந்தார்கள் என்றும், மோதும் நாள் வருமுன் அந்தப் பலசாலி நகரத்தை விட்டே போய்விட்டான் என்றும் சொல்லுகிறார்கள். சண்டை நடக்கவில்லை. ஆனால் அதற்காகக் கூடிய உற்சாகம் வீணாகவும் இல்லை. ஷாங்காய் அன்பர்கள் அவரைத் தலைமை ஆசிரியராகக் கொண்டு ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினர்.

தொடங்கிய சில மாதங்களுக்குள், அதே 1910-இல், ஹுவோ காலமானார். அவருக்கு விஷம் கொடுக்கப்பட்டது என்ற கதை பிற்காலத்தில் நாடெங்கும் பரவியது. 1972-இல் புரூஸ் லீ நடித்த ஒரு திரைப்படம் அக்கதையை உலகமெங்கும் கொண்டு சென்றது. அதற்குத் தீர்மானமான ருசு கிடையாது.

குரு போய்விட்டார், பள்ளி பிறந்து பால் மணம் மாறவில்லை. வழக்கப்படி பார்த்தால் அத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். முடியாமற் போனதற்குக் காரணம், அவருடைய மாணவர்கள் செய்த ஒரு துணிவான காரியமே. சென் கோங்ஜெ முதலிய இளைஞர்கள் மூவர் சங்கத்தைத் தோளில் தாங்கினர். அவர்கள் மல்லர் குடும்பத்தவர் அல்லர். படித்த, வியாபாரம் தெரிந்த வாலிபர்கள். சென் தம் சொத்தைச் சங்கத்துக்காக வாரி இறைத்தார். “ஹுவோ குடும்பத்து வித்தையை மட்டுமே கற்பிப்போம்” என்று அவர்கள் சொல்லியிருந்தால், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் எல்லா வித்தைகளுக்கும் வாசலைத் திறந்து விட்டார்கள்.

மூன்று நதிகள், ஒரு கூடம்

அக்காலத்துச் சீனத்தில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நாம் உணர வேண்டும். ஒவ்வொரு வித்தையும் ஒரு குடும்பத்துக்கோ, ஒரு கிராமத்துக்கோ சொந்தமாக இருந்தது. குருவானவர் சிஷ்யனைப் பல ஆண்டுகள் சோதித்துப் பார்ப்பார். பிறகும் கடைசிச் சூட்சுமத்தைத் தமக்கென்று வைத்துக் கொள்வார். அதைச் சொல்லாமலே அவர் கண்ணை மூடிவிடுவதும் உண்டு. ஒரு குருவின் மாணவன் மற்றொருவர் வாசலை மிதிப்பது துரோகமாகவே எண்ணப்பட்டது.

ஜிங்வூ சங்கத்தார் வித்தைகளைக் குடும்பங்களின் பெயரால் பிரிக்காமல் நதிகளின் பெயரால் வகுத்தார்கள். மஞ்சள் நதிப் பிரதேசத்து வித்தைகள், யாங்ட்ஸி நதிப் பிரதேசத்து வித்தைகள், முத்து நதிப் பிரதேசத்து வித்தைகள் என்று மூன்று பகுதி. நதி யாருக்கும் தனிச்சொத்து அன்று அல்லவா? வடக்கிலிருந்து கழுகுநக வித்தையில் வல்லவரான சென் ஸிஜெங் வந்தார். ஷான்டுங் மாகாணத்திலிருந்து, கும்பிடுபூச்சியின் முன்னங்கால்களைப் போலக் கையைக் கொக்கியாக்கிப் பிடித்திழுக்கும் வித்தையில் தேர்ந்த லுவோ குவாங்யூ வந்தார். மென்மையினால் வன்மையை வெல்லும் தாய்ஜி வித்தையை வூ ஜியன்சுவான் கற்பித்தார். தனித்தனி ஊர்களில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்திராத ஆசான்கள், ஒரே கூரையின் கீழ் அமர்ந்து தேநீர் அருந்தினர்.

எல்லாம் சரி, இத்தனை வித்தைகளை ஒரு மாணவன் எப்படிக் கற்பான்? திண்டாடிப் போக மாட்டானா?

இங்கேதான் சங்கத்தாரின் புத்திசாலித்தனம் தெரிகிறது. ஜாவ் லியன்ஹெ என்னும் ஆசிரியரின் துணையோடு பத்துப் பாடங்களை அடிப்படையாக வகுத்தனர். ‘தான்துய்’ என்னும் கால்வீச்சுப் பாடம் அவற்றுள் முதலாவது. பன்னிரண்டு வரிசைகள் கொண்டது. நேர்கோட்டில் நடந்து, வலக்கையும் காலும் செய்ததை இடக்கையும் காலும் திருப்பிச் செய்வது. பார்வைக்கு ஆடம்பரம் ஒன்றும் இல்லை. நம் சங்கீதத்தில் சரளி வரிசை எப்படியோ அப்படி. இதே பெயருள்ள பயிற்சி சீன முஸ்லிம்களிடையே நெடுங்காலமாகப் பெருமதிப்புடன் பயிலப்பட்டு வருவது. அதன் பிறகு சில கைப்பாடங்கள்; இருவர் எதிர் நின்று செய்யும் பாடம்; வாள், ஈட்டி, கம்பு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பாடம்; வாளும் ஈட்டியும் மோதும் பாடம் ஒன்று.

வந்தவன் வடக்கத்தியானாயினும் தெற்கத்தியானாயினும், வியாபாரியாயினும் குமாஸ்தாவாயினும், முதலில் இந்தப் பத்தையும் கற்க வேண்டும். அதன் பிறகே கழுகையோ கும்பிடுபூச்சியையோ தாய்ஜியையோ நாடலாம். அடித்தளம் ஒன்று, மாடங்கள் பல. உலகத்தில் எங்கெங்கே ஜிங்வூ கிளை உண்டோ, அங்கெல்லாம் இந்தப் பத்துப் பாடங்களே முதற்படியாக இருந்து வருகின்றன.

மற்றொரு புதுமையையும் சொல்ல வேண்டும். பெண்களுக்கும் இங்கே இடம் இருந்தது. சென் கோங்ஜெயின் சகோதரி சென் ஷிசாவ், பெண்கள் பிரிவில் முன்னணியில் நின்றார். அந்தரங்கமாக இருந்த பாடங்கள் புகைப்படங்களுடன் புத்தகங்களாகவும் வெளிவந்தன. 1919-இல் சங்கத்தின் வரலாற்று மலருக்கு ஸன் யாட்-ஸென் அவர்களே முன்னுரை எழுதினார். உடல், அறிவு, ஒழுக்கம் மூன்றையும் வளர்ப்பது சங்கத்தின் கொள்கை.

பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்சேபம்

ஆனால் தேசபக்தர்கள் எல்லோருமே இதைக் கண்டு கை தட்டிவிடவில்லை. அதே ஹோங்கோவ் வட்டாரத்தில், சங்கத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஓர் அழகிய பூங்கா இருக்கிறது. அங்கே நவீன சீன இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படும் லூ ஸுன் அடக்கமாகியிருக்கிறார். அவர் தம் இறுதி ஆண்டுகளை இந்த வட்டாரத்திலே கழித்து 1936-இல் காலமானவர். இந்தப் பேனா வீரர், குஸ்தி வீரர்களை ஒரு பிடி பிடித்திருக்கிறார்.

1918-இல் பள்ளிக்கூடங்களில் பழைய போர் வித்தைகளைப் புகுத்த வேண்டும் என்ற கிளர்ச்சி பலமாக இருந்தது. லூ ஸுன் ஒரு பத்திரிகையில் அதைக் கண்டித்து எழுதினார். 1900-ஆம் ஆண்டை அவர் மறக்கவில்லை. மந்திரமும் முஷ்டியும் இருந்தால் துப்பாக்கிக் குண்டு உடலில் தைக்காது என்று நம்பி ஆயிரக்கணக்கான வாலிபர்கள் அந்நியரின் சேனைகளை எதிர்த்து மடிந்த ஆண்டு அது. அதே மயக்கம் தேகப்பயிற்சி என்ற பெயரில் திரும்பி வருகிறதோ என்பது அவருடைய அச்சம். ஜிங்வூ சங்கத்தின் பிரசுரங்களைக் கவனித்து வந்த சென் தியெஷெங் 1919-இல் பதில் எழுதினார். லூ ஸுன் விடவில்லை, மறுமொழி கொடுத்தார். யாரோ சிலர் தம் விருப்பப்படி ஆசானைத் தேடிப் பயின்றால் தமக்கு ஆட்சேபமில்லை என்றும், தேசமே இதனால் உய்யும் என்று கல்வியாளர் பிரசாரம் செய்வதையும், அதில் கலந்துள்ள மாயமந்திர மனப்பான்மையையுமே தாம் எதிர்ப்பதாகவும் விளக்கினார்.

இரு தரப்பிலும் தேசபக்தி இருந்தது. லூ ஸுன்னின் ஆட்சேபம் சங்கத்தாருக்கு ஒரு விதத்தில் நன்மையே செய்தது என்று நமக்குத் தோன்றுகிறது. ஒரு வித்தை தன்னை மட்டுமே பார்த்துக் கொண்டிருக்கும் வரையில், “எங்கள் குரு குண்டுக்கும் அஞ்சாதவர்” என்று எவரும் கதைக்கலாம். நான்கு வித்தைக்காரர்கள் ஒரே கூடத்தில் நின்றால் அந்தக் கதை செல்லாது. பக்கத்தில் நிற்பவன் “எங்கே, காட்டு பார்க்கலாம்!” என்பான். மாயத்தைத் தெளியவைக்கும் மருந்து மற்றொரு வித்தையின் சகவாசமே.

நான்கிங்கில் இரண்டு வாசல்கள்

ஷாங்காயிலிருந்து ரெயில் ஏறி வடமேற்கே சுமார் 300 கிலோமீட்டர் சென்றால் நான்கிங் நகரம். கோட்டை மதில்கள் சூழ்ந்த புராதன ராஜதானி. 1928-இல் இது தேசிய அரசாங்கத்தின் தலைநகராக இருந்தது. அவ்வாண்டு ஜாங் ஜிஜியாங் என்னும் சேனாபதியின் முயற்சியால் ‘மத்திய தேசிய வித்தை நிலையம்’ இங்கே தோன்றியது. வித்தைகளை ஒன்று சேர்ப்பதே நோக்கம். ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு தவறு நேர்ந்தது. நிர்வாக வசதிக்காக, நிலையத்தை ஷாவோலின் வாசல், வூடாங் வாசல் என்று இரண்டாகப் பிரித்தார்கள். புறவன்மை மிகுந்த வித்தைகள் ஒரு வாசலில். தாய்ஜி முதலிய அகவன்மை வித்தைகள் மற்றொரு வாசலில்.

விளைவைச் சொல்லவும் வேண்டுமா? ஒற்றுமைக்காகக் கட்டிய வீட்டில் இரண்டு வாசல் வைத்தால், எந்த வாசல் பெரியது என்ற சண்டைதான் முதலில் பிறக்கும். இரு வாசல் ஆசிரியர்களும் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டனர். சில மாதங்களுக்குள் அப்பிரிவினை அடியோடு நீக்கப்பட்டது. பிறகு மாணவர்கள் பல வித்தைகளையும் மல்யுத்தத்தையும் ஆயுதப் பயிற்சியையும் சேர்த்தே கற்றனர். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்தின்போது, பெண்களும் அடங்கிய சீனக்குழு ஒன்று தங்கள் வித்தைகளை ஐரோப்பியர் முன் நிகழ்த்திக் காட்டியது.

இந்த நிலையத்தோடு தொடர்பு கொண்டிருந்த தாங் ஹாவ் என்னும் ஆராய்ச்சியாளர் 1930-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஷாவோலின் வித்தையைப் போதிதர்மர் தோற்றுவித்தார் என்பதற்கும், வூடாங் வித்தையை ஜாங் ஸன்ஃபெங் என்னும் சித்தர் தோற்றுவித்தார் என்பதற்கும் பழைய ஆதாரம் கிடையாது என்று அதில் எடுத்துக் காட்டினார். எந்தக் கொடிகளுக்காக இரு வாசலாரும் சண்டையிட்டார்களோ, அந்தக் கொடிகளே பிற்காலத்துக் கற்பனை என்றாயிற்று!

தமிழ் நேயர்கள் இதைக் கேட்டுச் சற்று வருத்தம் அடையலாம். போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து சென்றவர் என்று ஒரு பழைய சீனக் குறிப்புக் கூறுகிறது. அவர் காஞ்சியிலிருந்து சென்றார் என்று நாம் பெருமையோடு பேசிக்கொள்கிறோம். அவர் தியான மார்க்கத்தின் ஆசாரியராகப் போற்றப்படுவதற்கு ஒரு குறைவும் இல்லை. ஆனால் அவரைக் குங்பூவின் தந்தையாக்கும் கதை, அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த ஒரு நூலை வேராகக் கொண்டது. உண்மையான பெருமை இருக்கும்போது இரவல் பெருமை எதற்கு?

மூன்று வித்தை, ஒரு மனிதர்

வாசல்கள் மோதிக்கொண்ட அந்த நான்கிங்கிற்கு ஒரு முதியவரும் அழைக்கப்பட்டிருந்தார். அவர் பெயர் ஸுன் லூதாங். அங்கே அதிக காலம் தங்காமல், ஜியாங்ஸு மாகாண நிலையத்துக்குப் போய்விட்டார். சங்கமும் சட்டமும் இல்லாமலே, பல வித்தைகளைத் தம் ஒரே உடலில் சமரசப்படுத்தியவர் அவர்.

1860-இல் ஹெபெய் மாகாணத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் ‘ஷிங்யீ’ என்னும் வித்தையைக் கற்றார். ஐந்து பூதங்களின் பெயர் தாங்கிய ஐந்து குத்துக்களோடு, நேர்கோட்டில் எதிரியை ஊடுருவிப் பாயும் வித்தை அது. பிற்பாடு பீகிங்கில் செங் திங்ஹுவா என்பவரை அடுத்து ‘பாகுவா’ வித்தையைக் கற்றார். செங் மூக்குக்கண்ணாடி வியாபாரி. ஊரார் அவரைக் ‘கண்ணாடிச் செங்’ என்றே அழைத்தனர். பாகுவாவில் நேர்கோடே கிடையாது. வட்டமாக நடந்து நடந்து, எதிரி திரும்புமுன் அவன் பக்கவாட்டில் இருப்பதே சூட்சுமம். ஒன்று அம்பு; மற்றொன்று சுழல்.

மூன்றாவது வித்தை கிடைத்த வரலாறு மிகவும் ரஸமானது. ஸுன் ஐம்பது வயதைக் கடந்து, நாடறிந்த ஆசானாகிவிட்ட காலம். ஹாவ் வெய்ஜென் என்னும் தாய்ஜி ஆசிரியர் பீகிங்குக்கு வந்த இடத்தில் நோய்வாய்ப்பட்டார். அந்நிய ஊர், கவனிப்பார் இல்லை. ஸுன் அவருக்கு வைத்தியரைத் தேடிக் கொடுத்து, குணமாகும் வரையில் பணிவிடை செய்தார். அந்த நன்றியை மறவாத ஹாவ், தம் வித்தையை அவருக்கு உபதேசித்தார். ஐம்பது வயதில், பல சிஷ்யர்களுக்குக் குருவாய் இருந்தவர், மறுபடியும் முதற்பாடம் கற்கும் மாணவரானார். அதற்கு வேண்டிய மனம் அடிப்பதற்கு வேண்டிய பலத்தைக் காட்டிலும் அரியதன்றோ!

மூன்றையும் பற்றித் தனித்தனியே நூல்கள் எழுதினார். ஷிங்யீயைப் பற்றி எழுதியது 1915-இல். பாகுவாவைப் பற்றி எழுதியது 1916-இல். தாய்ஜியைப் பற்றியது அதன் பின். மூன்றும் முடிவில் ஒரே தத்துவத்தில் சேருகின்றன என்பது அவர் கொள்கை. அவர் வகுத்த தாய்ஜி முறையில் காலடி சுறுசுறுப்பாக இருக்கும். ஒரு கால் முன்சென்றால் மற்றது தொடர்ந்து வரும். மற்ற இரண்டு வித்தைகளின் சாரம் மூன்றாவதில் இறங்கியிருக்கிறது. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். முதல் வித்தையில் தேர்ச்சி பெற்ற பிறகே அவர் இரண்டாவதைத் தொட்டார்; இரண்டாவது ஊறிய பிறகே மூன்றாவதுக்குப் போனார். மூன்று குதிரைகளில் ஒரே சமயத்தில் ஏறப் பார்த்தவர் அல்லர்.

தெற்கே ஒரு கிராமம்

‘தெற்கே முஷ்டி, வடக்கே கால்’ என்பது சீனத்து வழக்குமொழி. தெற்கத்தி வித்தைகளில் கால்கள் தரையில் வேரூன்றி நிற்கும். கைகள் கிட்ட நின்று பேசும். அந்தத் தென்னாட்டு வித்தைகளின் தலைநகரம் என்று குவாங்டுங் மாகாணத்து ஃபோஷான் நகரைச் சொல்லலாம். பீங்கானுக்கும் இரும்பு வார்ப்புக்கும் பெயர் பெற்ற ஊர். வட திசைத் தெய்வத்துக்கு எடுத்த புராதன ஆலயம் ஊருக்கு நடுவே இருக்கிறது. அந்த வளாகத்திலே, ஹுங் குடும்ப வித்தையில் புகழ்பெற்ற வோங் ஃபேஹுங்கிற்கும், விங்சுன் வித்தையின் ஆசான் இப் மானுக்கும் நினைவு மண்டபங்கள் அமைத்திருக்கிறார்கள். சிங்க நடனத்தின் மேளச்சத்தம் அங்கே அடிக்கடி கேட்கிறது.

ஃபோஷானில் வேரூன்றிய மற்றொரு வித்தைக்குச் ‘சோய் லீ ஃபட்’ என்று பெயர். நம் கேள்விக்கு அந்தப் பெயரே ஒரு விடை. அதை 1836-இல் வகுத்தவர், ஸின்ஹுய் பகுதியிலுள்ள கிங்மூய் கிராமத்துச் சான் ஹியூங். பாலப்பருவத்தில் சிற்றப்பன் முறையானவரிடம் பயின்றார். பிறகு லீ யாவ்ஸான் என்பவரிடம் சில ஆண்டுகள். அதன் பின் லோஃபூ மலையில் தங்கியிருந்த சோய் ஃபுக் என்னும் துறவியிடம் பல ஆண்டுகள். மூவர் வித்தையையும் திரட்டித் தனி முறை ஒன்றை ஆக்கினார். தெற்கத்தி உறுதியும் வடக்கத்தி வீச்சும் அதில் கலந்திருக்கின்றன; நீண்ட கை, காற்றாடி போலச் சுழலும்.

புது வித்தையை உண்டாக்கியவர் தம் பெயரைச் சூட்டிக் கொள்வதே உலக வழக்கம். சான் ஹியூங் அப்படிச் செய்யவில்லை. சோய், லீ இரண்டும் ஆசிரியர்களின் பெயர்கள். ‘ஃபட்’ என்றால் புத்தர். சிற்றப்பன் கற்பித்த வித்தையின் பௌத்த மூலத்துக்கு வணக்கம். பெயரைச் சொல்லும்போதெல்லாம் மாணவன் மூன்று குருமார்களையும் நினைக்கிறான். பல குருக்களை நாடுவது குருத்துரோகம் என்பாருக்கு இதைவிட அழகான மறுமொழி வேறு என்ன வேண்டும்? குருவை மாற்றுவது துரோகமன்று, மறப்பதே துரோகம்.

ஆனால் இங்கே எச்சரிக்கையும் உண்டு. விங்சுன் வித்தைக்காரன் குறுகிய நிலையில் நின்று, உடலின் நடுக்கோட்டைக் காத்து, நேரே குத்துவான். ஹுங் வித்தைக்காரன் குதிரை ஏறினாற்போல் கால்களை அகற்றித் தாழ்ந்து நிற்பான். சோய் லீ ஃபட் வித்தைக்காரன் இடுப்பைத் திருப்பிக் கையை அகல வீசுவான். எதிரியின் கை வரும்போது யோசிக்க நேரமில்லை. பழகிய உடல்தான் விடை சொல்ல வேண்டும். மூன்றையும் ஒரே மாதத்தில் தொடங்கிய பிள்ளையின் உடல், எந்த விடையைச் சொல்வது என்று தயங்கும். அந்தத் தயக்கத்துக்குள் அடி விழுந்துவிடும். பழமொழி சொன்ன தச்சன் இவனே.

இப் மானிடம் ஹாங்காங்கில் பயின்ற புரூஸ் லீயின் மூதாதையர் ஊரும் ஃபோஷானைச் சேர்ந்ததே. அவர் அமெரிக்கா சென்று, மேல்நாட்டுக் குத்துச்சண்டையையும் கத்திச்சண்டையையும் ஆராய்ந்து, 1967-இல் தம் முறைக்குப் புதுப்பெயர் இட்டார். எந்த வேலியும் வேண்டாம் என்றவர் அவர். அவருக்கும் விங்சுன் என்ற தாய்வீடு ஒன்று முதலில் இருந்தது என்பதை அவரைப் பின்பற்றுவோர் பல சமயம் மறந்து விடுகிறார்கள்.

நம் கோயிலுக்கு அருகே

நான்காவது ஊருக்குப் போகத் தமிழருக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. கோலாலம்பூரில் 1873-இல் தோன்றிய மகா மாரியம்மன் கோயிலை அறியாதார் யார்? அங்கிருந்து சில நிமிஷம் நடந்தால், பெட்டாலிங் தெருவின் கலகலப்புக்கு அப்பால் ஒரு குன்று. அதன்மேல் 1953-இல் கட்டிய ‘சின் வூ’ விளையாட்டு அரங்கம் நிற்கிறது. ஜிங்வூ என்ற பெயரே இங்கே சின் வூ என்று வழங்குகிறது.

1920-இல் சென் கோங்ஜெயும் அவர் சகோதரியும் தோழர்களும் கப்பலேறித் தென்கடல் நாடுகளுக்கு வந்து, சங்கத்தின் கொள்கைகளை எடுத்துரைத்தனர். மறு ஆண்டே சிலாங்கூரில் கிளை தோன்றியது. மலாய் நாட்டுச் சீனர்கள் காண்டனியர், ஹொக்கியர், ஹக்கா என்று ஊராலும் மொழியாலும் பிரிந்திருந்தவர்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது. வித்தையும் அப்படியே பிரிந்து கிடந்தது. எல்லோருக்கும் பொதுவான பத்துப் பாடங்கள், எல்லோருக்கும் பொதுவான ஒரு பாஷையாயின.

சமரசமும் சமையலும்

இத்தனை ஊர் சுற்றிப் பார்த்ததில் நாம் கண்டது என்ன? பலவற்றைக் கற்பது வேறு. பலவற்றையும் கரைத்து ஒன்றாக்கி விடுவது வேறு. 1949-க்குப் பின் சீன அரசாங்கம் பல வடக்கத்தி வித்தைகளிலிருந்து தேர்ந்தெடுத்து, போட்டிகளுக்கென்று ஒரே சீரான பாடங்களை வகுத்தது. 1956-இல் தாய்ஜியைச் சுருக்கி இருபத்து நான்கு அசைவுகள் கொண்ட பாடமாக்கியது. அதனால் கோடிக்கணக்கான முதியோர் பூங்காக்களில் பயிற்சி செய்து நலம் பெறுகின்றனர்; இது சிறிய நன்மையன்று. ஆயினும் மேடைக்கு அழகாக இருப்பதே வித்தை என்றாகி, கிராமத்து ஆசானின் கரடுமுரடான கைப்பக்குவம் மங்கிப் போகிறதே என்று கவலைப்படுவோரும் இருக்கிறார்கள். பத்துக் குழம்பையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கினால் பதினோராவது குழம்பு வராது. பந்தியில் பத்தும் தனித்தனியே இருக்க வேண்டும்; உண்பவன் நாக்குக்குப் பத்தின் ருசியும் தெரிய வேண்டும்.

ஆசான்கள் தனித்தனியே கதவைச் சாத்திக்கொண்டிருந்தால், வித்தை அவர்களோடே மாய்ந்து போகிறது. கதவே வேண்டாம் என்று இடித்துத் தள்ளினால், எது யாருடையது என்ற அடையாளமே மறைந்து போகிறது. ஜிங்வூ வாலிபர்கள் கதவை வைத்தார்கள். ஆனால் திறந்து வைத்தார்கள். ஸுன் லூதாங் ஒரு கதவுக்குள் முழுதும் நுழைந்த பிறகே அடுத்ததைத் தட்டினார். சான் ஹியூங் நுழைந்த கதவுகளின் பெயர்களையெல்லாம் தம் வாசலில் எழுதி வைத்தார்.

பழமொழி பொய்யன்று. பல மரத்தையும் கண்டுவிட்டு ஒன்றிலும் கோடரி வைக்காதவனைத்தான் அது பழிக்கிறது. ஒரு மரத்தை நன்றாக வெட்டிப் பழகி, அதன் வைரம் இன்னதென்று கையால் அறிந்தவன் அடுத்த மரத்துக்குப் போனால் அவனுக்கு ஏன் பழி? தேக்கை அறிந்தவனுக்கு வேம்பின் குணமும் விளங்கும்; வேம்பை அறிந்தபின் தேக்கின் அருமை இன்னும் நன்றாய் விளங்கும். நம் வீட்டுப் பிள்ளை ஒரு குருவிடம் உட்கார்ந்து சில ஆண்டுகள் பொறுமையாகப் பயின்ற பின், இன்னொருவரையும் நாடலாமா என்று தயங்கிக்கொண்டு வந்து கேட்டால், பழமொழியைச் சொல்லி அவன் வாயை அடைக்க வேண்டாம். முதல் குருவை வணங்கி, அவர் ஆசியைப் பெற்றுக்கொண்டு போய் வரச் சொல்லுவோம்.